வாசிம் அக்ரமின் ஆட்ட வாழ்வைப் பார்த்துப் படிப்பது எப்படி

இடக்கை வேகப்பந்து வீச்சாளரான கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரம் கடைசியாகப் பாகிஸ்தானுக்காகக் களமிறங்கியது 2003ஆம் ஆண்டு மார்ச் மாதம். அதற்குப் பிறகு பிறந்தவர்கள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்களுக்கு அவர் தொலைக்காட்சியில் அழகாக உடுத்திக்கொண்டு ஆட்டத்தை அலசும் ஒரு பெரியவர். மிஞ்சிப்போனால், கைபேசியில் வந்து போகும் இரண்டு பந்துகளின் காணொளித் துண்டு. டெஸ்டில் 414, ஒருநாள் ஆட்டங்களில் 502, ஆக 916 விக்கெட்டுகள் என்று எண்ணைச் சொன்னால் அவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள், ஆனால் அந்த எண்ணால் அவர்களுக்கு எதுவும் விளங்கிவிடாது. ஏனென்றால் அக்ரமின் கலை ஸ்கோர் அட்டையில் இல்லை. பந்து கையை விட்டுக் கிளம்பும் நொடிக்கும் மட்டையாளரைக் கடக்கும் நொடிக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே கண்ணை எப்படி வைப்பது, எந்த ஆட்டத்திலிருந்து தொடங்குவது, எண்களை எப்படிப் படிப்பது, ஆட்டத்துக்கு வெளியே நடந்தவற்றை எப்படி எடுத்துக்கொள்வது ஆகியவற்றைச் சொல்வதற்காகவே இந்த வழிகாட்டி.

முதலில் பந்தைக் கையில் எடுங்கள்

காணொளியைத் திறப்பதற்கு முன் பழைய தோல் பந்து ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். பலரும் இந்த வேலையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு அவர்கள் பார்ப்பது ஸ்டம்ப் பறப்பதை மட்டுந்தான். பந்தின் நடுவே ஓடும் தையலை நிமிர்த்தி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலின் இருபுறமும் படும்படி பிடியுங்கள். ஒரு பக்கம் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாகவும், மறுபக்கம் தரையில் உரசிச் சொரசொரப்பாகவும் இருக்கட்டும். நண்பர் ஒருவரை ஆடுகளத்தின் நீளத்துக்கு, அதாவது 22 கஜம் தள்ளி நிற்க வைத்து, பந்தைச் சற்று ஆட்டிக்கொண்டே ஓடி வந்து, பளபளப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேளுங்கள். பழகிய கண் சொல்லிவிடும். இப்போது மறு கையால் பந்தை மூடியபடி ஓடி வந்து, கடைசிக் காலடியில் மட்டும் கையை விலக்கிப் பாருங்கள். நண்பரால் சொல்ல முடியாது. அக்ரம் ஓடி வரும்போது வலது கை பந்தின்மேல் கவிந்திருப்பதை நீங்கள் பின்னால் காணொளியில் பார்ப்பீர்கள். அது எதற்காக என்பதை உங்கள் கையே உங்களுக்குச் சொல்லிவிட்டது.

மட்டையாளர் ஏன் பளபளப்பைத் தேடுகிறார்? பந்து புதிதாக இருக்கும்போது, தையல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே, அதாவது பளபளப்புக்கு எதிர்ப்புறமாகவே, காற்றில் வளையும். சிறு வயது முதல் பயிற்சியில் கண்ணுக்குப் பழகிய பாடம் இது. பந்து பழசாகி, ஒரு பக்கம் நன்றாகக் கரடுமுரடாகி, அதை ஒருவர் மிக வேகமாகவும் வீசினால் பாடம் தலைகீழாகிவிடும். பந்து பளபளப்பின் பக்கமே வளையும், அதுவும் கடைசி நேரத்தில். இதுதான் ரிவர்ஸ் ஸ்விங். இருபது ஆண்டுகள் பழகிய மட்டையாளருக்கு அந்தப் பழக்கமே எதிரியாகிவிடுகிறது.

இது ஒரே ஒருவரின் கண்டுபிடிப்பு அன்று. பாகிஸ்தானின் காய்ந்த, கரடான ஆடுகளங்களில் பந்து சீக்கிரமே தேய்ந்துவிடுவதால் அங்கே இந்த வித்தைக்கு வேர் கிடைத்தது. 1979இல் மெல்போர்ன் டெஸ்டில் ஆஸ்திரேலியாவை 86 ரன்னுக்கு 9 விக்கெட் என்று சாய்த்த சர்ஃபராஸ் நவாஸிடமிருந்து இம்ரான் கானுக்கும், இம்ரானிடமிருந்து வாசிம் அக்ரமுக்கும் வக்கார் யூனிஸுக்கும் அது கைமாறி வந்தது. கைமாறியது வீச்சு மட்டுமில்லை. சொரசொரப்பான பக்கத்தில் துளி வியர்வைகூடப் படாமல் பந்தைக் காப்பாற்றிக் கைக்குக் கை அனுப்பும் பொறுப்பு அணியில் உள்ள அத்தனை பேருக்கும் உண்டு. ஆகவே அக்ரமின் ஒரு பந்தைப் பார்க்கும்போது, அதற்கு முந்தைய பத்து ஓவர்களில் பந்து யார் யார் கையில் எப்படிப் போய்வந்தது என்பதையும் பாருங்கள். முழு ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் துண்டுகளை விட்டுவிட்டு அதையே பார்க்கச் சொல்வது இதனால்தான்.

எங்கிருந்து தொடங்குவது

எல்லோரும் 1992 உலகக் கோப்பை இறுதியாட்டத்திலிருந்து தொடங்குகிறார்கள். என் கருத்தில் அது தவறான வாசல். சிகரத்திலேயே இறக்கிவிடப்பட்டவருக்கு மலையின் உயரம் தெரியாது. லாகூரிலிருந்து தொடங்குங்கள்.

1966 ஜூன் 3 அன்று லாகூரில் பிறந்த அக்ரம், முறையான முதல்தர அனுபவம் ஏதுமின்றிப் பயிற்சி முகாம்களில் கண்ணில் பட்டு மேலே வந்தவர். 1984 நவம்பரில் ராவல்பிண்டியில், சுற்றுப்பயணம் வந்திருந்த நியூசிலாந்து அணிக்கு எதிரான தம் முதல் முதல்தர ஆட்டத்திலேயே ஓர் இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்தார். அதே மாதம் ஃபைசலாபாத்தில் ஒருநாள் அரங்கேற்றம், 1985 ஜனவரியில் ஆக்லாந்தில் டெஸ்ட் அரங்கேற்றம். அந்தப் பயணத்துக்குக் கையிலிருந்து எவ்வளவு பணம் எடுத்து வரவேண்டும் என்று அப்போதைய அணித் தலைவர் ஜாவேத் மியான்தாத்திடம் கேட்டதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நாட்டுக்காக ஆடுபவருக்குச் சம்பளம் உண்டு என்பதே தெரியாத வயது.

அவருடைய இரண்டாவது டெஸ்ட் டனிடினில் நடந்தது. முதல் இன்னிங்ஸில் 56 ரன்னுக்கு 5, இரண்டாவதில் 72 ரன்னுக்கு 5. பதினெட்டு வயதுப் பையன் பத்து விக்கெட் எடுத்தும் பாகிஸ்தான் தோற்றது. எட்டு விக்கெட் போன பிறகு ஜெரமி கோனியும் ஈவன் சாட்ஃபீல்டும் பிரியாமல் நின்று நியூசிலாந்தைக் கரைசேர்த்துவிட்டார்கள். இந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையைக் கண்டிப்பாகப் படியுங்கள், ஏனென்றால் இதில் இருப்பது வேகம் மட்டும் உள்ள அக்ரம். ரிவர்ஸ் ஸ்விங் இன்னும் கைக்கு வரவில்லை. பந்துவீச்சாளருக்கு அருகே, மிட்-ஆஃப் என்ற இடத்தில் நின்றுகொண்டு பந்துக்குப் பந்து பேசி அவரை வளர்த்த இம்ரானின் பாடமும், 1988 முதல் இங்கிலாந்தின் லங்காஷையர் கவுண்டி அணிக்காக ஓயாமல் ஆடிய அனுபவமும் சேர்ந்துதான் அடுத்த ஆளை உருவாக்கின.

அந்த அடுத்த ஆளைப் பார்க்க 1990 ஜனவரி ஆஸ்திரேலியத் தொடருக்குப் போங்கள். மெல்போர்னில் 62க்கு 6, 98க்கு 5. அடுத்து அடிலெய்டில் 5 விக்கெட்டோடு 52, 123 என்று மட்டையாலும் ஆடினார். இம்ரானுடன் சேர்ந்து கிட்டத்தட்ட இருநூறு ரன் கூட்டணி அமைத்துத் தோற்கவேண்டிய ஆட்டத்தை மீட்டார்.

மெல்போர்னின் இரண்டு பந்துகள்

இப்போது 1992 மார்ச் 25க்கு வரலாம். பாகிஸ்தான் 249. அதில் கடைசி ஓவர்களில் 18 பந்தில் 33 ரன் அக்ரமுடையது. இங்கிலாந்து நான்கு விக்கெட் இழந்து ஆலன் லாம்பும் நீல் ஃபேர்பிரதரும் 72 ரன் சேர்த்து நிலைத்துவிட்ட நேரம். ஸ்கோர் 141. 35ஆவது ஓவருக்கு அணித் தலைவர் இம்ரான் அக்ரமை மறுபடி அழைக்கிறார்.

இந்த இடத்தில் காணொளியை நிறுத்தி ஒரு கணக்குப் போடுங்கள். அந்த உலகக் கோப்பையில் இரு முனைகளுக்கும் தனித்தனி வெள்ளைப் பந்து. ஆகவே 35ஆவது ஓவரில் அக்ரம் கையிலிருந்த பந்துக்கு வயது ஏறக்குறைய 17 ஓவர்தான். நாற்பது, ஐம்பது ஓவர் பழசான சிவப்புப் பந்தில் செய்யும் வித்தையை இவ்வளவு இளம் வெள்ளைப் பந்தில் அவர் செய்யப்போகிறார். வெறும் துண்டுக் காணொளி பார்ப்பவருக்கு இந்த வியப்பு ஒருபோதும் வாய்ப்பதில்லை.

முதல் பார்வையில் அக்ரம் எங்கே ஓடி வருகிறார் என்பதை மட்டும் பாருங்கள். இடக்கைப் பந்துவீச்சாளர் ஓவர் தி விக்கெட், அதாவது வீசும் கை ஸ்டம்பை ஒட்டி இருக்கும்படி, வந்தால், பந்து வலக்கை மட்டையாளரின் லெக் பக்கத்திலிருந்து கிளம்பி ஆஃப் பக்கம் குறுக்காகப் போகும். ரவுண்ட் தி விக்கெட், அதாவது ஸ்டம்பின் மறுபக்கமாக, வந்தால் நேர்மாறு: ஆஃப் பக்கத்திலிருந்து கிளம்பி ஸ்டம்பை நோக்கி உள்ளே வரும். அன்று அவர் ரவுண்ட் தி விக்கெட் வந்தார். எனவே லாம்பின் கண்ணுக்குப் பந்து உள்ளே வந்துகொண்டிருக்கிறது.

இரண்டாம் பார்வையில் லாம்பின் மட்டையைப் பாருங்கள். பந்தைப் பார்க்க வேண்டாம். உள்ளே வரும் பந்துக்கு வைக்கவேண்டிய இடத்தில்தான் மட்டையை வைக்கிறார். ஆட்டத்தில் பிழை இல்லை. பந்து கடைசி நேரத்தில் வெளியே விலகி, மட்டையின் விளிம்பைத் தாண்டி ஆஃப் ஸ்டம்பைச் சாய்க்கிறது.

மூன்றாம் பார்வை அடுத்த பந்துக்கு. கிறிஸ் லூயிஸ் அப்போதுதான் உள்ளே வருகிறார். முந்தைய பந்து வெளியே போனதை ஓய்வறையிலிருந்து பார்த்தவர். அதே ஓட்டம், அதே கோணம், அதே கை. இம்முறை பந்து இன்னும் உள்ளே வளைந்து, மட்டையின் உள்விளிம்பில் பட்டு ஸ்டம்பில் மோதுகிறது. இரண்டு பந்துகளையும் அருகருகே வைத்து, பந்து கையை விட்டுப் போகும் நொடியில் நிறுத்திப் பாருங்கள். தோள் ஒன்றே, ஓட்டத்தின் நீளம் ஒன்றே, அக்ரமின் ஓட்டம் எப்போதுமே குறுகியது, வேகம் முழுவதும் கடைசியில் சாட்டைபோல் சொடுக்கும் கையிலிருந்து வருவது. மாறியிருப்பது மணிக்கட்டும், எந்தப் பக்கம் பளபளப்பு என்பதும் மட்டுந்தான். நான் இதைப் பலமுறை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். இரண்டு பந்துகளில் எது எது என்று ஒலியை அடைத்துவிட்டுக் கேட்டால், கை மட்டும் தெரியும் அந்த நொடியில் இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இங்கிலாந்து 227க்கு ஆட்டமிழந்து, பாகிஸ்தான் 22 ரன்னில் வென்றது. ஆட்ட நாயகன் அக்ரம். அந்தக் கோப்பையில் 18 விக்கெட்டுடன் எல்லோருக்கும் மேலே நின்றவரும் அவரே.

சேப்பாக்கத்தில் திராவிட்

இரண்டாவதாக ஆற அமரப் பார்க்கவேண்டியது 1999 ஜனவரியில் சென்னையில் நடந்த டெஸ்ட். தலைவர் அக்ரம். இந்தியாவுக்கு இலக்கு 271. வக்கார் தொடக்க ஆட்டக்காரர்கள் இருவரையும் ஆறு ரன்னுக்குள் அனுப்பிவிட, ராகுல் திராவிடும் சச்சின் டெண்டுல்கரும் பொறுமையாக நின்றார்கள். திராவிடை எடுத்த அந்தப் பந்து, லெக் ஸ்டம்பை நோக்கி வந்து குத்தி, ஆஃப் ஸ்டம்பின் உச்சியைத் தட்டியது. உலகத்திலேயே தடுப்பாட்டத்துக்குப் பேர்போன மட்டையாளர்களில் ஒருவர், நேரான மட்டையுடன் முன்னே வந்தும் பந்தைத் தொட முடியவில்லை. லாம்பை எடுத்த பந்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்: இடையில் ஏழு ஆண்டுகள், பந்தின் நிறம் வேறு, நாடு வேறு, மட்டையாளரின் தரம் வேறு, வீழ்ச்சி மட்டும் அதே வகை.

அந்த ஆட்டத்தில் சச்சின் 136 எடுத்தும் பாகிஸ்தான் 12 ரன்னில் வென்றது. தோற்ற கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. அந்தக் காட்சியையும் விட்டுவிடாமல் பாருங்கள். தமிழ்நாட்டில் கிரிக்கெட் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கைதட்டலில் பங்கு இருக்கிறது என்று நான் மனமார நம்புகிறேன்.

எண்களைப் படிக்கும் விதம்

104 டெஸ்ட், சராசரி 23.62. 356 ஒருநாள் ஆட்டம், சராசரி 23.52. ஒருநாள் ஆட்டத்தில் 500 விக்கெட்டை முதலில் தொட்டவர். இவற்றை மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு. அதற்குப் பதிலாக, எப்படி ஆட்டமிழக்கச் செய்தார் என்ற பத்தியைப் பாருங்கள். இருவகை ஆட்டத்திலும் அவருடைய விக்கெட்டுகளில் பாதிக்கும் மேல் போல்டு (பந்து ஸ்டம்பைச் சாய்ப்பது) அல்லது எல்.பி.டபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் கால் மறிப்பது). மட்டையாளருக்குப் பின்னால் ஸ்லிப்பில் கேட்ச் பிடிக்க நிற்பவரின் கையை நம்பாமல், ஸ்டம்பையும் காலையும் நேரடியாகக் குறிவைத்தவர் என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் என்ற ஹாட்ரிக்கை அவர் சர்வதேச ஆட்டங்களில் நான்கு முறை எடுத்தார்; அவற்றையும் இதே கண்ணால் பாருங்கள். ஷார்ஜாவில் 1989இல் வெஸ்ட் இண்டீசுக்கும் 1990இல் ஆஸ்திரேலியாவுக்கும் எதிராக எடுத்த இரண்டிலும் ஆறு பேரும் போல்டு. மற்ற இரண்டும் 1999 மார்ச்சில், இலங்கைக்கு எதிராக, லாகூரிலும் டாக்காவிலும் அடுத்தடுத்த டெஸ்ட்களில் வந்தவை.

மட்டையாட்டத்தைப் பொறுத்தவரை ஒரே ஆட்டம் போதும்: 1996இல் ஷேக்குபுராவில் ஜிம்பாப்வேக்கு எதிராக எட்டாவது ஆளாக இறங்கி எடுத்த ஆட்டமிழக்காத 257, அதில் 12 சிக்சர், சக்லைன் முஷ்டாக்குடன் 313 ரன் கூட்டணி. ஆயினும் டெஸ்டில் மொத்தச் சதம் மூன்றுதான். மட்டையை அவர் இன்னும் பொறுமையாகப் பிடித்திருந்தால் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

எண்களைப் பிரிக்க இன்னொரு கோடு இருக்கிறது. 1997இல், முப்பது வயதில், அவருக்கு நீரிழிவு நோய் இருப்பது தெரியவந்தது. இன்சுலின் ஊசியுடன் வாழவேண்டிய வகை. அந்த ஆண்டில் ஒரு கோடு கிழித்து, அதற்குப் பின் நடந்தவற்றைத் தனியாக எழுதிப் பாருங்கள்: சேப்பாக்கம், இரண்டு டெஸ்ட் ஹாட்ரிக், 1999 உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு அணியைக் கொண்டுபோனது, 500ஆவது ஒருநாள் விக்கெட். வேகப்பந்து வீச்சாளர்கள் நோயில்லாமலேயே ஓய்ந்துபோகும் வயதில் நடந்தவை இவை.

சங்கடமான பக்கங்கள்

இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகக் கூடாது. அவற்றிலேயே தங்கிவிடவும் கூடாது. மூன்றைத் தனித்தனியாக வையுங்கள்.

முதலாவது, 1992 இங்கிலாந்துப் பயணத்தில் எழுந்த, பந்தைச் சேதப்படுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டு. அந்த டெஸ்ட் தொடரில் அக்ரமும் வக்காரும் சேர்ந்து 43 விக்கெட் எடுத்தார்கள்; பாகிஸ்தான் 2-1 என்று வென்றது. லார்ட்ஸ் ஒருநாள் ஆட்டத்தில் நடுவர்கள் பந்தை மாற்றினார்கள். பந்தைச் சேதப்படுத்தியதாக அந்தப் பயணத்தில் எந்தப் பாகிஸ்தான் வீரரும் தண்டிக்கப்படவில்லை. 2005இல் இங்கிலாந்து அதே ரிவர்ஸ் ஸ்விங்கால் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆஷஸ் தொடரை வென்றபோது அது கலை என்று கொண்டாடப்பட்டது. எனக்கு இது இன்றும் ஆறாத வருத்தம்.

இரண்டாவது, 1996 மார்ச் 9, பெங்களூரு. இந்தியாவுக்கு எதிரான உலகக் கோப்பைக் காலிறுதியில் தலைவர் அக்ரம் விலாக் காயத்தால் ஆடவில்லை. அமீர் சோகைல் தலைமையில் பாகிஸ்தான் 39 ரன்னில் தோற்றது. நாட்டில் அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள், வீட்டைத் தாக்கினார்கள். அவர் ஆடாமலிருந்த இந்த ஆட்டமும், ஆடித் தோற்ற 1999 லார்ட்ஸ் இறுதியாட்டமும் பிறகு அவர்மீது எழுந்த சூதாட்டச் சந்தேகங்களுக்கு எண்ணெய் ஊற்றின.

மூன்றாவது, நீதிபதி மாலிக் கய்யூம் ஆணையம். சூதாட்டக் குற்றச்சாட்டுகளை விசாரித்த அந்த ஆணையத்தின் அறிக்கை 2000இல் வெளியானது. சலீம் மாலிக்குக்கும் அத்தா-உர்-ரஹ்மானுக்கும் வாழ்நாள் தடை பரிந்துரைக்கப்பட்டது. அக்ரம் குற்றவாளி என்று முடிவு செய்யப் போதிய சான்று இல்லை என்ற ஆணையம், அவர் ஐயத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர் என்றும் கருதி, மூன்று லட்சம் பாகிஸ்தான் ரூபாய் அபராதமும் தலைமைப் பதவியிலிருந்து நீக்கமும் பரிந்துரைத்தது. அவர் குற்றத்தை எப்போதும் மறுத்தே வந்திருக்கிறார். இதைப் படிப்பவர் செய்யக்கூடாதது இரண்டு: 'நிரூபிக்கப்பட்டது' என்று எழுதுவது, 'முற்றாக விடுவிக்கப்பட்டார்' என்று எழுதுவது. அறிக்கை இரண்டையும் சொல்லவில்லை.

ஓய்வுக்குப் பிந்தைய வாழ்வுக்கு, 2022இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றை நாடலாம். ஆடி முடித்த பிறகு கொக்கெய்ன் பழக்கத்துக்கு அடிமையானதை அதில் அவரே ஒப்புக்கொள்கிறார். 2009 அக்டோபரில் அவருடைய மனைவி ஹுமாவைச் சிகிச்சைக்காகச் சிங்கப்பூருக்குக் கொண்டுசென்ற விமானம் எரிபொருளுக்காகச் சென்னையில் இறங்கியபோது, அவர் நிலை மோசமாகி, சென்னையிலேயே காலமானார். விசா இல்லாத தங்களைச் சென்னை விமான நிலையத்தில் இருந்தவர்கள் உடனே உள்ளே விட்டு உதவியதை அக்ரம் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். சேப்பாக்கம் ஆட்டத்தைப் பார்த்து முடித்த பிறகு இதைப் படியுங்கள்.

கடைசியாகப் பார்க்கவேண்டியது

அவருடைய கடைசி ஒருநாள் ஆட்டம் 2003 மார்ச் 4 அன்று ஜிம்பாப்வேயின் புலவாயோவில். மழை வந்து ஆட்டம் நின்றுவிட்டதால் அவர் பந்தே வீசவில்லை. ஆகவே அவர் கடைசியாகப் பந்து வீசியது மார்ச் 1 அன்று தென்னாப்பிரிக்காவின் செஞ்சுரியனில், இந்தியாவுக்கு எதிராக. ஸ்கோர் அட்டையில் விக்கெட் எண்ணிக்கை பூஜ்யம். எல்லோரும் சச்சினின் 98 ரன்னுக்காகவே அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். நீங்கள் சச்சின் முப்பது ரன்களைத் தாண்டிய இடத்தில் நிறுத்துங்கள். முப்பத்தாறு வயது அக்ரம் ஓடி வருகிறார், சச்சின் தூக்கி அடிக்கிறார், மிட்-ஆஃபில் அப்துல் ரசாக் பின்னோக்கி எம்பி விரல் நுனியால் தொட்டும் பந்து நழுவிவிடுகிறது. ரசாக்கைப் பார்க்க வேண்டாம். ஒரு நொடி பின்னே தள்ளி, பந்து கையை விட்டுக் கிளம்பும் இடத்தில் மறுபடி நிறுத்தி, அந்த மணிக்கட்டைப் பாருங்கள்.